விதைநெல் எடுத்து வைத்தால் 30 லட்சம் அபராதமா?

கேள்வி: திருவாரூர் மாவட்டத்தில் மூன்றரை ஏக்கர் நிலம் வைத்திருக்கிறேன். மாப்பிள்ளைச் சம்பா, தூயமல்லி, கொஞ்சம் கருப்புக் கவுனி போடுகிறேன். எங்கள் ஊர்ப் பெண்கள் பன்னிரண்டு பேர் குழுவாகச் சேர்ந்து விதைநெல் எடுத்து, நெல் திருவிழாக்களில் துணிப்பையில் போட்டு விற்கிறோம். பையில் குழுவின் பெயரை அச்சடித்திருக்கிறோம். ‘புது விதைச் சட்டம் வந்துவிட்டது, இனி விதை எடுத்து வைத்தாலே 30 லட்சம் அபராதம், மூன்று வருஷம் ஜெயில்’ என்று வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு சுற்றுகிறது. பயந்துபோய் நாலு பேர் குழுவிலிருந்து விலகிவிட்டார்கள். இது உண்மையா? மகள் அந்தச் சட்டத்தின் வரைவை இறக்கிக் கொடுத்தாள். இங்கிலீஷில் இருக்கிறது, எங்கே ஆரம்பிப்பது என்றே தெரியவில்லை. இன்னொன்று, என் தம்பி போன தையில் கடையில் வாங்கிய உளுந்து விதை பாதிகூட முளைக்கவில்லை. இந்தச் சட்டம் அவனுக்கு ஏதாவது உதவுமா?

– பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்

வழக்கறிஞர் பதில்:

அன்புள்ள அம்மா,

முதலில் விலகிப்போன நாலு பேரையும் கூப்பிட்டு உட்கார வையுங்கள். விதை எடுத்து வைத்ததற்காக யாரும் ஜெயிலுக்குப் போகப் போவதில்லை. 2025 நவம்பர் இறுதியில் இதை எழுதும்வரை புதுச் சட்டம் எதுவும் வரவில்லை. வந்திருப்பது வரைவு. ‘விதைகள் மசோதா 2025’ என்ற பெயரில் மத்திய வேளாண் அமைச்சகம் 2025 நவம்பரில் அதை வெளியிட்டு, 2025 டிசம்பர் 11 வரை கருத்துச் சொல்லலாம் என்று அறிவித்தது. இதை எழுதும்வரை நாடாளுமன்றத்தின் வாசலைக்கூட அது மிதிக்கவில்லை.

அதனால் கவலையே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். உங்களைத் தொடுகிற இடம் அதில் ஒன்று இருக்கிறது. குரல் பதிவு அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. பிறகு அந்த இடத்துக்கு வருகிறேன்.

ஒரு வரைவு சட்டமாவதற்குள் எத்தனை படி ஏற வேண்டும் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சட்டம் கொண்டுவருவதற்கு முன் வரைவைக் குறைந்தது 30 நாளாவது பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும் என்று 2014-ல் மத்திய அரசு தனக்குத்தானே ஒரு கொள்கை வகுத்துக்கொண்டது. 2025 நவம்பரில் இந்த வரைவை வெளியிட்டது அந்தப் படி. பிறகு அமைச்சரவை ஒப்புதல் தர வேண்டும். மசோதாவாக ஏதாவது ஓர் அவையில் அறிமுகமாக வேண்டும். எம்.பி.க்கள் அடங்கிய நிலைக்குழுவுக்கோ கூட்டுக்குழுவுக்கோ போகலாம், போகாமலும் இருக்கலாம். இரண்டு அவைகளும் நிறைவேற்றி, குடியரசுத் தலைவர் கையெழுத்துப் போட்டால்தான் அது சட்டம். அப்போதும் சட்டம் எந்தத் தேதியிலிருந்து நடைமுறைக்கு வருகிறது என்ற அறிவிக்கை அரசிதழில் வர வேண்டும். அப்புறம் விதிகள்.

இந்தப் பாதைக்குக் கால அளவு கிடையாது. ஆன்லைன் பணச் சூதாட்ட விளையாட்டுகளைத் தடை செய்யும் மசோதா 2025 ஆகஸ்ட் 20-ல் மக்களவையில் அறிமுகமாகி அன்றைக்கே நிறைவேறியது, 21-ல் மாநிலங்களவை, 22-ல் குடியரசுத் தலைவர் ஒப்புதல். மூன்றே நாள். தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நான்கும் 2019-லும் 2020-லும் நிறைவேறியவை. நடைமுறைக்கு வந்ததோ 2025 நவம்பர் 21-ல்தான். விதைக்கே வருவோம். 2004 டிசம்பரில் ஒரு விதைகள் மசோதா மாநிலங்களவையில் அறிமுகமானது. வேளாண் நிலைக்குழு அதை அலசி 2006-ல் அறிக்கையும் கொடுத்தது. அது சட்டமாகவே இல்லை. 2019-ல் இன்னொரு வரைவு வந்தது, அதுவும் அப்படியே நின்றுவிட்டது. ஆகவே ‘வந்துவிட்டது’ என்று யாராவது சொன்னால் எந்தப் படியில் நிற்கிறது என்று திருப்பிக் கேளுங்கள். பாதிப் பேர் அங்கேயே திக்குவார்கள்.

சரி, உங்கள் மகள் இறக்கித் தந்த காகிதத்துக்கு வருவோம். இதை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வரிசையாகப் படிக்க முயன்றால் மூன்றாம் பக்கத்தில் தூக்கம் வரும். எனக்கே வரும். சட்ட வரைவைப் படிக்கும்போது நான் மூன்று இடங்களுக்கு முதலில் போவேன். யார் யார் இதில் அடக்கம் என்று சொல்லும் விளக்கப் பிரிவு. யாருக்கு இது பொருந்தாது என்று சொல்லும் விலக்கு. ‘விதிகளில் வகுக்கப்பட்டபடி’ என்று வருகிற இடங்கள். தண்டனைப் பிரிவைக் கடைசியில்தான் பார்ப்பேன். குரல் பதிவு போடுகிறவர்கள் இதை அப்படியே தலைகீழாகச் செய்கிறார்கள். தண்டனையை மட்டும் படிப்பார்கள், அது யாருக்கு என்று பார்க்க மாட்டார்கள்.

30 லட்சமும் மூன்று ஆண்டும் வரைவில் இருப்பது உண்மைதான். அது உச்சபட்சத் தண்டனை. குற்றங்களைச் சிறியது, பெரியது என்று தரம் பிரித்து, போலி விதை விற்பது, பதிவு பெறாத ரகத்தைச் சந்தைக்குக் கொண்டுவருவது மாதிரியான பெரிய குற்றங்களுக்கு இதை வைத்திருக்கிறார்கள். ஏன் இவ்வளவு கடுமை என்றால், இப்போது நடப்பில் இருக்கும் 1966-ஆம் ஆண்டு விதைகள் சட்டத்தைப் பாருங்கள். முதல் குற்றத்துக்கு அபராதம் 500 ரூபாய் வரை. திரும்பச் செய்தால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். போலி விதை விற்று லட்சக்கணக்கில் சம்பாதிக்கும் ஒருவருக்கு 500 ரூபாய் டீச்செலவு. தண்டனையைக் கூட்ட வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை.

அந்தத் தண்டனை உங்கள் மேல் விழுமா? அதற்கு விலக்கைப் பார்க்க வேண்டும்.

வரைவு சொல்வதன் சாரம் இது: எந்த ரகத்தின் விதையையும் விதைப்பதற்காக விற்க வேண்டுமென்றால் அந்த ரகம் பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும். விவசாயிகளின் ரகங்களுக்கும், ஏற்றுமதிக்காக மட்டுமே உற்பத்தி செய்யப்படுபவற்றுக்கும் இது பொருந்தாது. விவசாயிகளின் ரகம் என்றால் தலைமுறை தலைமுறையாக விவசாயிகள் தங்கள் வயலில் வளர்த்து உருவாக்கிக் காப்பாற்றி வந்தது. மாப்பிள்ளைச் சம்பாவும் தூயமல்லியும் அதற்குள் வராவிட்டால் வேறு எதுவும் வராது. நெல் ஜெயராமன் ஐயா உங்கள் பக்கத்துத் திருத்துறைப்பூண்டி ஆதிரெங்கத்தில் நெல் திருவிழா நடத்தி மீட்டெடுத்தவை எல்லாம் இந்த வகைதான். ஆக, உங்கள் நெல் ரகத்தைப் பதிவு செய்யச் சொல்லி யாரும் வந்து நிற்க முடியாது.

அடுத்தது விவசாயிக்கான விலக்கு. ஒரு விவசாயி தன் பண்ணை விதையை வளர்க்கலாம், விதைக்கலாம், மறுபடி விதைக்கலாம், சேமிக்கலாம், பயன்படுத்தலாம், மாற்றிக்கொள்ளலாம், பகிரலாம், விற்கலாம். இந்த உரிமையை இந்தச் சட்டம் கட்டுப்படுத்தாது. வரைவே இப்படிச் சொல்கிறது. ‘சேமிக்கலாம்’ என்றும் ‘விற்கலாம்’ என்றும் அச்சில் இருக்கும் ஒரு காகிதத்தைக் காட்டி ‘எடுத்து வைத்தால் ஜெயில்’ என்று ஒருவர் பேசுகிறார் என்றால், அவர் அந்தக் காகிதத்தைத் திறக்கவே இல்லை என்று அர்த்தம்.

1966 சட்டத்தோடு வைத்துப் பார்த்தால் இதில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டியது. அந்தச் சட்டம் அரசு அறிவிக்கை செய்த ரகங்களை மட்டும்தான் கட்டுப்படுத்தியது. அந்த ரகங்களிலும் ஒருவர் தானே விளைவித்த விதையைத் தன் இடத்திலேயே வைத்து, விதைக்கப் போகிறவருக்கு நேரடியாக விற்றால் சட்டம் பொருந்தாது என்றது. ‘தன் இடத்தில்’ என்பது அங்கே நிபந்தனை. நெல் திருவிழாப் பந்தல் உங்கள் இடம் கிடையாதே! புது வரைவில் விவசாயியின் விலக்கு இடத்தோடு கட்டிப் போடப்படவில்லை. அந்த அளவில் இது பழையதைவிட விரிவு. விமர்சிக்கிறவர்கள் இதைச் சொல்வதில்லை. சொன்னால் ஒன்றும் குறைந்துவிடாது.

ஆனால் அந்த விலக்கு முடியும் இடத்தில் ஒரு வால் இருக்கிறது. ‘பிராண்டு பெயரில் விற்றால் தவிர.’ உங்கள் கடிதத்தில் என் கண் போய் நின்றதும் இதற்காகத்தான், அந்த அச்சடித்த துணிப்பையில்.

நீங்கள் தனி ஆளாக மூட்டையை அவிழ்த்து, படியில் அளந்து, பக்கத்து ஊர்க்காரருக்குக் கொடுத்தால் எந்தச் சிக்கலும் இல்லை. பையில் குழுவின் பெயர் இருக்கிறது என்றால் இரண்டு கேள்வி வருகிறது. குழுவின் பெயர் பிராண்டு பெயரா? விலக்கு ‘விவசாயி’க்கு என்று இருக்கும்போது, விவசாயிகள் பன்னிரண்டு பேர் சேர்ந்த குழுவுக்கும் அது உண்டா?

முதல் கேள்வியில், 2001-ஆம் ஆண்டு பயிர் ரகங்கள் பாதுகாப்பு மற்றும் விவசாயிகள் உரிமைச் சட்டம் ஒரு நல்ல வழி காட்டுகிறது. அங்கேயும் விவசாயிக்கு இதே மாதிரி விலக்கு உண்டு, இதே மாதிரி பிராண்டுத் தடையும் உண்டு. ஆனால் அந்தத் தடை, அந்த 2001 சட்டப்படி பாதுகாக்கப்பட்ட ரகம் என்று காட்டும் விதத்தில் பையில் அடைத்துச் சிட்டை ஒட்டிய விதைக்கு மட்டும்தான் என்று அதே பிரிவில் விளக்கியிருக்கிறார்கள். எல்லை கோடு போட்ட மாதிரி இருக்கிறது. அந்தத் தெளிவு இங்கேயும் சட்டத்திலேயே இருக்க வேண்டும். இல்லையென்றால் திருவிழாவுக்கு வரும் விதை ஆய்வாளர் எப்படிப் புரிந்துகொள்கிறாரோ அதுதான் சட்டம் என்றாகிவிடும்.

பெயர் போடுவதைத் தப்பாகப் பார்ப்பது எனக்கு முரணாகவும் படுகிறது. விதை எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க வேண்டும், அதற்காகக் கம்பெனி விதைப் பையில் எல்லாம் கியூஆர் கோடு இருக்க வேண்டும் என்று இதே வரைவு சொல்கிறது. ஊர்ப் பெயரும் குழுப் பெயரும் போட்டு விற்கிறவர்கள் கையால் செய்துகொண்டிருப்பதும் அதுதானே?

இரண்டாவது கேள்வி இன்னும் கனமானது. விதை வங்கி நடத்தும் அமைப்புகளும் பாரம்பரிய விதை சேகரிப்பவர்களும் எழுப்பும் முக்கிய ஆட்சேபம் இதுவே. சுய உதவிக் குழு, உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் என்று ஓர் அமைப்பாக மாறிய உடனே, பெரிய விதைக் கம்பெனிக்குள்ள பதிவும் கணக்கும் இவர்கள் தலையிலும் வந்து விழுமே என்கிறார்கள். நியாயமான பயம் என்றே நினைக்கிறேன். குறிப்பாக, குழுவை உழவர் உற்பத்தியாளர் நிறுவனமாகப் பதிவு செய்யும் யோசனை உங்களுக்கு இருந்தால், இந்த மசோதா எந்த உருவத்தில் வருகிறது என்று தெரியும்வரை விதை விற்பனையை அதன் பெயருக்கு மாற்றாதீர்கள். அரிசி, அவல் விற்பனைக்கு இந்தச் சட்டத்தோடு சம்பந்தமே இல்லை, அதைத் தாராளமாக மாற்றலாம்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடுகிறேன். குஜராத் உருளைக்கிழங்கு விவசாயிகள் மேல் பெப்சிகோ வழக்குப் போட்ட கதையையும் இந்த மசோதாவோடு சேர்த்து முடிச்சுப் போடுகிறார்கள். அது 2019-ல் நடந்தது. தன் பதிவு பெற்ற ரகத்தை அனுமதியில்லாமல் பயிரிட்டதாக, நாலு பேரிடம் தலைக்கு ஒரு கோடி ரூபாய்க்கு மேல் கேட்டது அந்த நிறுவனம். எதிர்ப்புக் கிளம்பியதும் அதே ஆண்டு மே மாதம் வழக்குகளைத் திரும்பப் பெற்றது. அது மேலே சொன்ன 2001 சட்டத்தின் கீழ் வந்த விவகாரம். ஒரு ரகம் யாருக்குச் சொந்தம் என்பது அந்தச் சட்டத்தின் பேச்சு. விற்கிற விதை தரமானதா, யார் விற்கலாம் என்பது விதைகள் மசோதாவின் பேச்சு. இரண்டும் வேறு வேறு. 2001 சட்டம் அப்படியேதான் இருக்கிறது. இந்த மசோதா எடுத்துவிட்டு உட்காரப் போவது 1966 சட்டத்தின் இடத்திலும், விதைக் கடைகளுக்கு உரிமம் கேட்கும் 1983 கட்டுப்பாட்டு ஆணையின் இடத்திலும்.

அப்புறம் ‘விதிகளில் வகுக்கப்பட்டபடி’. மகளிடம் சொல்லி, அந்த அர்த்தத்தில் வரி வருகிற இடத்திலெல்லாம் பென்சிலால் கோடு போடச் சொல்லுங்கள். அதெல்லாம் இப்போது வெற்றிடம், பின்னால் அரசு விதி போட்டு நிரப்பும். விதியை நாடாளுமன்றத்தில் வரிக்கு வரி விவாதித்து யாரும் போடுவதில்லை. மசோதாவாக அறிமுகமாகும்போது அதன் கடைசியில் ‘அதிகார ஒப்படைப்பு பற்றிய குறிப்பாணை’ என்று ஒரு பக்கம் இருக்கும். எதையெல்லாம் விதிக்கு விட்டிருக்கிறார்கள் என்ற பட்டியல் அது. யாரும் அந்தப் பக்கத்தைப் புரட்டுவதில்லை. நான் அங்கிருந்துதான் சந்தேகப்பட ஆரம்பிப்பேன். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்டில் ஒப்புதல் பெற்றது. அதன் விதிகள் வந்தது 2025 நவம்பரில். இரண்டே கால் ஆண்டு சட்டம் புத்தகத்தில் மட்டும் இருந்தது.

மசோதா அறிமுகமானால் அதன் மூலப் பிரதி நாடாளுமன்ற இணையதளத்தில் இருக்கும். டெல்லியிலுள்ள பி.ஆர்.எஸ். லெஜிஸ்லேட்டிவ் ரிசர்ச் என்ற அமைப்பு ஒவ்வொரு மசோதாவுக்கும் சுருக்கம் போடுகிறது. ஆங்கிலம்தான், ஆனால் கல்லூரி போகும் பிள்ளை படித்துச் சொல்லும் அளவு எளிமை. அதைப் படித்துவிட்டு குரல் பதிவைக் கேளுங்கள்.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது, 2025 டிசம்பர் 11-க்குள் ஒரு பக்கக் கடிதம். வேளாண் அமைச்சகத்தின் அறிவிப்பிலேயே மின்னஞ்சல் முகவரி இருக்கிறது. ‘மசோதாவைத் திரும்பப் பெறு’ என்று ஒரு வரி எழுதி அனுப்புவதால் அதிகப் பயன் இல்லை. அதை அனுப்ப ஆயிரம் பேர் இருக்கிறார்கள். உங்கள் பை விஷயத்தை எழுத உங்களைத் தவிர ஆள் இல்லை. இப்படி எழுதலாம்:

‘நாங்கள் பன்னிரண்டு பெண் விவசாயிகள். எங்கள் வயலில் விளையும் பாரம்பரிய நெல் ரகங்களின் விதையைச் சேர்ந்து விற்கிறோம். விவசாயிக்குத் தரப்பட்டிருக்கும் விலக்கு, விவசாயிகளே நடத்தும் குழுக்களுக்கும் ஊர் விதை வங்கிகளுக்கும் உண்டு என்று சட்டத்திலேயே எழுத வேண்டும். வாங்குகிறவர் தெரிந்துகொள்வதற்காகப் பையில் ஊர், குழுவின் பெயர், ரகம், அறுவடை மாதம் ஆகியவற்றைக் குறிப்பதை பிராண்டு பெயராகக் கருதக் கூடாது என்று விளக்கம் சேர்க்க வேண்டும்.’

பன்னிரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள். விலகிய நாலு பேரும் சேர்த்துத்தான் பன்னிரண்டு. தமிழிலேயே எழுதி, ஆங்கில மொழிபெயர்ப்பை மகள் கையால் கூட வையுங்கள். அதன் பிரதியை உங்கள் தொகுதி மக்களவை உறுப்பினருக்கும் கொடுங்கள். விவாதம் வரும்போது திருத்தம் கொடுக்க வேண்டியவர் அவர்தான், கையில் எழுத்து இருந்தால் எடுத்துப் பேசுவார்.

வயலில் இப்போது நிற்கிற சம்பாவை வழக்கம்போல அறுங்கள், விதைக்கு ஒதுக்குங்கள், காயவையுங்கள். அடுத்த திருவிழாவுக்கு முன் மசோதா சட்டமாகி நடைமுறைக்கும் வந்துவிட்டால், பையில் பெயர் போடலாமா என்று அப்போது அதன் இறுதி வாசகத்தைப் பார்த்து முடிவு செய்யலாம். இன்றைய தேதியில் பழைய பையை எரிக்க வேண்டிய அவசியம் இல்லை. புதிதாக ஆயிரம் பைக்கு ஆர்டர் கொடுப்பதை மட்டும் தள்ளிப் போடுங்கள்.

தம்பியின் உளுந்துக்கு வருகிறேன். இந்த மசோதா நாளைக்கே சட்டமானாலும் போன தைக்குப் பின்னோக்கிப் பாயாது. ஆனால் அவருக்கு இந்த மசோதா தேவையும் இல்லை. விதை வாங்கும் விவசாயி நுகர்வோர்தான், விதைச் சட்டம் தனியாக இருந்தாலும் நுகர்வோர் நீதிமன்றத்தில் இழப்பீடு கேட்கலாம் என்று, தேசிய விதைக் கழகம் கொண்டுபோன வழக்கில் உச்ச நீதிமன்றம் 2012-லேயே தீர்ப்புச் சொல்லிவிட்டது. விதை மாதிரியை ஆய்வுக்குக் கொடுக்கவில்லை என்று நிறுவனம் வாதாடியபோது, வாங்கிய விதையை எல்லாம் விவசாயி விதைத்திருப்பார், அவர் எங்கே போய் மாதிரி எடுப்பார் என்ற நியாயத்தை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது.

சான்று விதை உளுந்தின் குறைந்தபட்ச முளைப்புத் திறன் 75 சதவீதம். பாதிகூட வரவில்லை என்றால் கேட்கத் தாராளமாக இடம் இருக்கிறது. கடை பில், குவியல் எண் (லாட் நம்பர்) உள்ள சிட்டையோடு பை, வயலில் எடுத்த போட்டோ எது மிஞ்சியிருக்கிறதோ எல்லாவற்றையும் சேர்க்கச் சொல்லுங்கள். அப்போது வேளாண்மை விரிவாக்க மையத்தில் புகார் கொடுத்து யாராவது வயலைப் பார்த்துவிட்டுப் போயிருந்தால் அந்த அறிக்கையின் நகல்தான் வழக்கின் உயிர். உதவி இயக்குநர் அலுவலகத்தில் மனுக் கொடுத்து வாங்கலாம். கொடுக்கவில்லை என்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். அதே கடையில் அதே குவியல் விதை வாங்கி ஏமாந்த வேறு யாராவது ஊரில் இருந்தால் அவர்களையும் கூட்டிக்கொள்வது நல்லது.

தம்பி குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். கடையையும் விதை நிறுவனத்தையும் இரண்டு பேரையும் எதிர்தரப்பாகச் சேர்க்க வேண்டும். இல்லையென்றால் ஒருவர் மேல் ஒருவர் கை காட்டித் தப்பிப்பார்கள். விதைக்குக் கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. பிரச்சினை ஏற்பட்ட நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். போன தை என்றால் அடுத்த தைக்கு ஓராண்டு முடியும், அதற்கும் அடுத்த தை வரைதான் அவருக்கு நேரம். பொங்கலுக்கு வரும்போது பில்லைத் தேடி எடுத்துவரச் சொல்லுங்கள்.